ஜல்லி நைனாவின் பொடி டப்பா

திருத்தணிக்கு வந்தவர்கள் முருகனைப் பார்க்காமல் திரும்பியிருக்கலாம். ஜல்லி நைனாவின் தழும்பைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது.

நைனா பொதட்டூர்பேட்டையைச் சேர்ந்த வயதான நெசவாளி. 1970களில், நான் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராக இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு, சிறுநீரகத்தில் புளியங்கொட்டை அளவு கல்லோடு வந்து சேர்ந்தார். அதற்கு முன்பே சொந்த வைத்தியம் எல்லாம் முடித்திருந்தார்: வாழைத்தண்டுச் சாறு, கொள்ளுக் கஷாயம், கடைசியாக மலைப்படிகளில் குதித்துக் குதித்து இறங்குவது. கல் அசையவில்லை. கணுக்கால் பிசகியது.

அந்தக் காலத்தில் வயதானவர்களுக்கு வழிகள் குறைவு. சின்னக் கல் என்றால் தண்ணீர் குடித்துக் காத்திருக்கலாம். சிறுநீர்ப்பைக்கு இறங்கிவிட்டதைக் கருவி விட்டு நொறுக்கலாம். சிறுநீரகத்திலேயே குடியிருக்கும் பெரிய கல்லுக்கு விலாவின் கீழே கிழித்துத்தான் ஆக வேண்டும். சிறுநீரகம் கெட்டிருந்தால் அதையும் சேர்த்து எடுக்க வேண்டும். நைனாவைக் கிழித்தோம். கட்டு மாற்றும்போது முகம் பார்க்கும் கண்ணாடியைக் கேட்டு வாங்கித் தையலை ஆராய்ந்தார்.

"இன்னா சிஸ்டரம்மா, டாக்டரு முடிச்சு இப்டி போட்டுகிறாரு? அறுந்த இழைக்கு நான் இப்டி போட்டா, லுங்கிய மூஞ்சில வீசுவான் மொதலாளி."

டாக்டரிடமும் சொன்னார். அவர் நல்லவர், நெசவு முடிச்சைக் கற்றுக்கொள்வதாக ஒப்புக்கொண்டு தப்பினார்.

கல்லை மலைக்கோயில் உண்டியலில் போடுவதாக நைனாவுக்கு வேண்டுதல். போடவில்லை. மூக்குப்பொடி டப்பாவில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட், கல்யாண வீடு, அரக்கோணம் ரயில் என்று போன இடமெல்லாம் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டி, டப்பாவைத் திறப்பார். பெயர் வந்தது அப்படித்தான். யாரையும் கல்லைத் தொட விடமாட்டார். வேண்டுதல் என்னாயிற்று என்றால், "முருகன்கிட்ட வாய்தா வாங்கிகினு வரேன்" என்பார். ஊருக்கு ஊர் தழும்பு வளர்ந்தது. கல்லும் வளர்ந்திருக்கும், டப்பா இடம் கொடுக்கவில்லை.

சிரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்கே கல் வந்தது. என் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எழுபதைத் தாண்டியவர். கல் பாதையை அடைத்து, காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. தள்ளிப்போட்டால் சிறுநீரகம் போகும், பிறகு ஆளும். இதயம், நுரையீரல், சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று, ஆபரேஷனைத் தாங்குவீர்கள் என்று படம் வரைந்து விளக்கினேன். "இந்த வயசுல கத்தியா? கர்த்தர் கூப்பிட்டா போறேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

விஷயம் கேள்விப்பட்டு நைனா வந்தார். யாரும் கேட்காமலே சட்டையைத் தூக்கினார்.

"வாத்தியாரே, என்னிய தேங்கா மாதிரி ரெண்டா பொளந்தாங்க. கொடல எடுத்து கொடியில காயப்போட்டுட்டு, கல்லத் தேடிப் புடிச்சிட்டு, அப்புறம் உள்ள வெச்சி தெச்சாங்க."

"நைனா, குடல் பக்கமே நாங்க போகல."

"நீ சும்மாரும்மா. படுத்துகினு இருந்தது நானா, நீயா?"

அப்பா திரும்பினார். வெகு நாளைக்குப் பிறகு சிரித்தார். "கொடல காயப்போட்டும் இவரு இந்தப் பேச்சு பேசறாருன்னா, எனக்கும் பண்ணிடும்மா."

ஆனாலும் தியேட்டர் வாசலில், ஸ்ட்ரெச்சரில் இருந்தபடியே ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நைனா அந்தக் கையை விடுவித்து, பொடி டப்பாவை அதில் வைத்து விரல்களை மூடினார்.

"இது முருகன் சொத்து வாத்தியாரே. வெளிய வந்து உங்க கையாலயே திருப்பிக் குடுக்கணும், ஆங்."

மயக்கம் வரும்வரை அப்பா அதை விடவில்லை. கண் விழித்ததும் என்னைத் தேடவில்லை, "டப்பா எங்கம்மா?" என்றார். தன் கையாலேயே கொடுத்தார். நைனா அப்பாவின் கல்லையும் கேட்டு வாங்கி, அதே டப்பாவில் போட்டுக்கொண்டார். ஒரு கிருத்திகை அன்று இரண்டையும் உண்டியலில் சேர்த்தார். கர்த்தர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அப்பா நெடுங்காலம் இருந்தார்.

போன மாதம் எனக்கும் கல். இப்போதெல்லாம் குழாய் விட்டு லேசரால் பொடித்துவிடுகிறார்கள். காட்டுவதற்குத் தழும்புகூடக் கிடையாது. எல்லாம் தெரிந்தவள்தான் நான். ஆனாலும் உள்ளே தள்ளிக்கொண்டு போகையில், என் உள்ளங்கை ஒரு பொடி டப்பாவுக்காகத் திறந்தே இருந்தது.