டவுட்டு அண்ணனும் காணாமல் போன இருபத்தைந்து நிமிடமும்

உலகத்தில் எதையுமே நம்பாத மனிதர் ஒருவரோடு நான் ஆறு வருடம் எதிரெதிர் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். மாரண்டஹள்ளியில் என் மருந்துக் கடைக்கு நேர் எதிரே அவருடைய எடைமேடை. தக்காளி ஏற்றிய வேனும் லாரியும் அதில் ஏறி நின்று எடை போட்டுக்கொண்டு ஓசூர் பக்கம் போகும். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஊருக்கே அவர் டவுட்டு அண்ணன்.

என்னிடம் பிரஷர் மாத்திரை வாங்க வருவார். பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்.

"டாக்டரே, போன மாசம் இது இன்னும் கொஞ்சம் ரோசாவா இருந்துச்சே?"

நான் டாக்டர் இல்லை, மருந்துக் கடைக்காரன் என்று நூறு தடவை சொல்லியாயிற்று. அதையும் அவர் நம்பவில்லை.

கல்யாணப் பத்திரிகை வைத்தால், மண்டபத்துக்குப் போன் போட்டு தேதியைச் சரிபார்ப்பார். வங்கியிலிருந்து பிறந்த நாள் வாழ்த்து வந்தால், "எம் பொறந்த நாளு உங்களுக்கு எப்புடிங்க தெரியும்?" என்று நேரில் போய் விசாரிப்பார். அவர் மனைவி ஒருநாள் என் கடையில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னார்: "பொண்ணு பாக்க எங்க வூட்டுக்கு மூணு தடவ வந்தாருங்க. மொத தடவ காட்டுன பொண்ணுதானான்னு இவருக்கு டவுட்டாம்!"

இப்படிப்பட்டவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே பொருள், எடைமேடை அறைச் சுவரில் தொங்கிய கடிகாரம். அதை இருபத்தைந்து நிமிடம் வேகமாக வைத்திருந்தார். "ஆறேகால்னு காட்டுனாத்தான் இந்த டிரைவருங்க ஆறு மணிக்குள்ள டீய முடிச்சிட்டு வண்டிய எடுப்பாங்க" என்பது அவர் கண்டுபிடித்த நிர்வாகத் தத்துவம். தெருவில் எங்களுக்கெல்லாம் அது பழகிவிட்டது. அந்தக் கடிகாரத்தைப் பார்த்தால் மனசு தானாகவே இருபத்தைந்தைக் கழித்துக்கொள்ளும்.

அவர் கைக்கு ஸ்மார்ட் போன் வந்ததும் ஊருக்குச் சனி பிடித்தது. துப்பறியும் வீடியோக்களை நாள் முழுக்கப் பார்த்தார். பிறகு தானே ஒரு சேனல் தொடங்கினார். முதல் வழக்கு, மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி காணாமல் போனது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, பூசாரியின் சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டை இருப்பதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். மூட்டையில் இருந்தது ஒலிபெருக்கிதான். பாலக்கோட்டுக்கு ரிப்பேருக்குப் போய்க்கொண்டிருந்தது. பூசாரி ஒரு மாதம் இவருக்குத் திருநீறு கொடுக்கவில்லை.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அந்த ஆவணியில்தான் சுகுமார் இறந்துபோனான். பாப்பாரப்பட்டி பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, எங்கள் ஊரில் டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவன். சாயங்காலம் ஐந்து மணிக்குக் காட்டுப் பக்கத்து டீக்கடையில் அவனைக் கடைசியாகப் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் கிணற்றில் கிடந்தான். தவறி விழுந்தானா, யாராவது தள்ளினார்களா என்று தெரியவில்லை. சந்தேக மரணம் என்று வழக்குப் பதிவானது. இன்றுவரை அதற்கு மேல் ஒரு வார்த்தை சேரவில்லை.

டவுட்டு அண்ணன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். என்னைத் தடயவியல் துறையாக நியமித்தார். "டாக்டரே, தண்ணியில வுழுந்தவன் செருப்பு ஒண்ணு மட்டும் மேல இருந்தா என்னா அர்த்தம்?" என்பார். எனக்குத் தலைவலி மாத்திரைதான் தெரியும் என்றால், "நீங்க எதையோ மறைக்கிறீங்க" என்பார். அவர் வீடியோக்களுக்குக் கீழே எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து கூடினார்கள். மாரண்டஹள்ளி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்கள், சுகுமார் வீட்டுக் கொல்லைப்புறக் கதவைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

மூன்றாவது வாரம் அண்ணன் குற்றவாளியைக் கண்டுபிடித்தார். சுகுமாரின் தங்கை செல்வியைக் கட்டிய மாதையன். தக்காளி வேன் ஓட்டுகிறவன்.

கணக்கு இதுதான். மாதையன் ஐந்தேகாலுக்குத் தோட்டத்தில் லோடு ஏற்றிக் கிளம்பியதைக் காய் பறித்த ஆட்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். அங்கிருந்து எடைமேடைக்குப் பதினைந்து நிமிடம். ஐந்தரைக்கு எடை போட்டேன் என்று மாதையன் சொன்னான். ஆனால் எடைமேடைக் கேமராவில் அவன் வேன் ஏறிய நேரம் ஐந்து ஐம்பத்தைந்து. வழியில்தான் அந்தக் கிணறு.

"கேமராவும் சொல்லுது, நான் கைப்பட எழுதுன எடைச் சீட்டும் சொல்லுது. ரெண்டு சாட்சி! அந்த இருவத்தஞ்சு நிமிஷம் எங்க போனாரு மாதையன்?" என்று வீடியோவில் கேட்டார்.

அது தீயாய்ப் பரவியது. போலீஸ் மாதையனைக் கூப்பிட்டு விசாரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இணையம் அனுப்பவில்லை. அவன் சிரிக்கும் பழைய கல்யாணப் படத்தை எடுத்து, கண்ணைச் சுற்றி வட்டம் போட்டார்கள். போனில் ஊர் பேர் தெரியாதவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். தோட்டக்காரர்கள் அவன் வேனுக்கு லோடு கொடுப்பதை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். நானும் அந்த வீடியோவைப் பார்த்தேன். பிடித்திருக்கிறது என்று பெருவிரலை அழுத்தவும் செய்தேன். இதை எழுதும்போதும் அந்த விரல் கூசுகிறது.

ஒரு மத்தியானம் செல்வி என் கடைக்கு வந்தாள். மகளுக்கு மூச்சிரைப்பு மருந்து வேண்டும், பெயர் தெரியவில்லை என்று பழைய பில் ஒன்றை நீட்டினாள். முகம் பாதியாகச் சுருங்கியிருந்தது.

"எப்படிம்மா இருக்கீங்க?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"அண்ணனும் போயிட்டான். இப்ப எங்கம்மாவும் அவர நம்பலீங்க. நேத்து சோறு போட்டுக்கிட்டே, 'மாப்ள, அந்த இருவத்தஞ்சு நிமிஷம் எங்க போனீங்க'ன்னு கேட்டுச்சு. தட்டத் தள்ளி வெச்சிட்டு எந்திரிச்சிட்டாருங்க. அன்னிக்கு இந்த மருந்து வாங்கத்தான் உங்க கடைக்கு வந்தாரு. வேற எங்கயும் போகல."

பில்லைப் பார்த்தேன். சுகுமார் காணாமல் போன அதே நாள். என் கம்ப்யூட்டர் அடித்த நேரம் ஐந்து முப்பத்து நான்கு.

அண்ணனின் வீடியோவிலும் இது இருக்கிறது. மாதையன் வேனை எடைமேடையில் நிறுத்திவிட்டு, ரோட்டைத் தாண்டி என் கடைக்கு நடக்கிறான். அங்கே நேரம் ஐந்து ஐம்பத்தொன்பது. மனசு, வழக்கம் போல, இருபத்தைந்தைக் கழித்தது.

கேமரா மாட்ட வந்த பையன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். சீட்டில் அண்ணன் எழுதுவதும் அதே கடிகாரத்தைப் பார்த்துத்தான். இரண்டு சாட்சியும் ஒரே சாட்சி. தெருவில் இத்தனை பேர் தினமும் கழித்துக்கொண்டிருந்தோம். ஒரு மனிதனின் மானம் போகிற அன்றைக்கு மட்டும் ஒருவரும் கழிக்கவில்லை.

செல்வியைக் கடையில் உட்காரவைத்துவிட்டு, பில்லோடு எதிரே ஓடினேன். டவுட்டு அண்ணன் அதை வாங்கி, பழக்கதோஷத்தில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு கேமராத் திரையைப் பார்த்தார். கைப்போனைப் பார்த்தார். கடைசியாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தார். எடைக்கு வந்து நின்ற லாரிக்காரன் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். அவர் காதில் விழவில்லை.

"நாந்தான டாக்டரே வெச்சேன்" என்றார். "இந்தக் கையாலதான வெச்சேன்."

அன்று சாயங்காலமே நேரலையில் வந்தார். கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். "மாதையன் எங்கயும் போகலீங்க. எங் கடிகாரம் தப்பு. நான் தப்பு. அவரு குடும்பத்துக்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றார்.

அவரிடம் பாடம் படித்த கூட்டம் அல்லவா, நம்புமா? அவர் சட்டைப் பையைப் பெரிதாக்கிப் பார்த்து உள்ளே ஏதோ புடைத்திருக்கிறது என்றார்கள். மூக்குக் கண்ணாடிப் பெட்டி அது. யாரோ மிரட்டியிருக்கிறார்கள், கண் சிமிட்டி ஜாடை காட்டுகிறார் என்றார்கள். சம்பவம் நடந்த அன்று எடைமேடைக்காரர் எங்கே இருந்தார் என்று ஒரு புண்ணியவான் புது வீடியோவே போட்டான். அண்ணன் தன் வீடியோக்களை அழித்தார். வெட்டி எடுத்த துண்டுகள் இன்னும் யார் யார் கைப்போனிலோ சுற்றுகின்றன. ஒவ்வொன்றின் கீழும் போய், "இல்லீங்க, கடிகாரந்தாங்க தப்பு" என்று ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் தட்டினார்.

செல்வி வீட்டுக்கும் போனார். மாதையன் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. செல்வியின் அம்மாவிடம் அந்தப் பில்லைக் காட்டி, கடிகாரக் கதையை முதலிலிருந்து சொல்லி, வாசலோடு திரும்பினார். தோட்டம் தோட்டமாகப் போய் அதே கதையைச் சொன்னார். லோடு திரும்ப வந்தது. ஆனால் மாதையன் எங்கள் தெருப் பக்கமே வராமல், சுற்றிக்கொண்டு பாலக்கோட்டில் போய் எடை போட்டான்.

ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சாயங்காலம் அவன் வேன் எடைமேடையில் ஏறி நின்றது. நான் கல்லாவை விட்டு எழுந்துவிட்டேன். மாதையன் இறங்கி, அறை வாசலில் நின்று, சுவரில் மறுபடி மாட்டியிருந்த கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தன் கைப்போனை எடுத்துப் பார்த்தான்.

"சரியாத்தான் இருக்குது" என்றான். "எடையப் போடுங்கண்ணா."

டவுட்டு அண்ணன் பேனாவை அவனிடமே நீட்டினார். சீட்டை மாதையனே எழுதிக்கொண்டு போனான்.

நான் இப்போது தருமபுரிக்குக் கடையை மாற்றிவிட்டேன். தினமும் காலை ஒன்பது மணிக்கு அண்ணனிடமிருந்து போன் வரும். "டாக்டரே, உங்க கடையில மணி என்னா காட்டுது?" இரண்டு பேரும் சரிபார்த்துக்கொள்வோம். என் கைப்போனே நேரம் காட்டுகிறது, கம்ப்யூட்டரும் காட்டுகிறது. இருந்தாலும் அவர் கேட்கிற வரைக்கும் நான் கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருப்பேன்.