மேகத்தில் வளர்ந்த தோள்கள்

சான் ஹசிந்தோ, குவாத்தமாலா.
தவக்காலத்து ஐந்தாம் ஞாயிற்றுக்கு மறுநாள்.

சிலுவைப் பக்தசபையின் மதிப்புக்குரிய தலைவரும் என் அக்காவின் கணவருமான ரிகோபெர்த்தோ மச்சானுக்கு, எலிஹியோ வணங்கி எழுதுவது. இங்கு அனைவரும் நலம், என்னைத் தவிர. அறுவைசிகிச்சை செய்த முழங்கால் சீக்கிரம் குணமாக ஆண்டவர் அருள்வாராக. இந்தக் கடிதத்தை மட்டும் உட்கார்ந்தே படியுங்கள்.

சப்பரம் தூக்குபவர்களை உயரம் பார்த்து அணி பிரிக்க, அவர்கள் பெயரும், தரையிலிருந்து தோள்வரை அளந்த உயரமும் எழுதிய நம் பதிவேடு மழையில் ஊறிக் கூழாகிப்போனது உங்களுக்குத் தெரியும். உடனே உங்கள் மகள் யெசேனியா கிளம்பிவிட்டாள். "மாமா, எல்லாத்தையும் கிளவுடுல போட்டுடலாம். எங்கேயோ பெரிய பெரிய கம்ப்யூட்டர் வச்சிருக்காங்க, அதுல நமக்கு வேணுங்கற இடத்தை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கலாம். ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணுல நகல் இருக்கும். நம்ம கூரை ஒழுகினாலும் பதிவேடு நனையாது. அவங்கவங்க போன்லயே பார்க்கலாம், திருத்தலாம்" என்றாள். அந்தக் கடைசி வார்த்தையிலேயே நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும்.

மூன்றே வாரத்தில் ஊரே வளர்ந்துவிட்டது, மச்சான்! ரொட்டிக்கடை செலெதோனியோ நாலு சென்டிமீட்டர் ஏறினான். அதைப் பார்த்து அவன் மைத்துனன் ஐந்து ஏறினான். நெட்டையர் அணிதானே பெரிய தெருவழியே போகிறது, குட்டையர் அணி கோழிச்சந்தைக்குப் பின்னால்தானே போகிறது, யாருக்குத்தான் ஆசை இருக்காது? நேற்று ஊர்வலத்தில் எங்கள் அணியில் நாற்பது பேர், சப்பரத்து மரம் உட்கார்ந்ததோ ஆறே தோளில். மற்றவர்கள் நுனிக்காலில் எக்கிக்கொண்டு வந்தார்கள், ஆண்டவர் இடப்பக்கம் சாய்ந்தார், பேண்டு வாத்தியம் நடுவில் நின்றுபோனது.

"டேய் செலெதோனியோ, தூக்கறியா, தொங்கறியா?" என்று கத்தினேன்.

"உன் வேலையைப் பாரு. எனக்கு வளர்ற வயசு!"

"அறுபதுலயா?"

இப்போது பங்குத்தந்தை புனித வெள்ளிக்குமுன் எல்லோரையும் மறுபடி அளக்க வேண்டும் என்கிறார். எனக்கு நேற்று ராத்திரி தூக்கமே இல்லை. முப்பத்தோரு வருடம் பெரிய தெருவில் என் வீட்டு வாசல்வழியே ஆண்டவரைச் சுமந்திருக்கிறேன். என் மனைவி ஒத்திலியா ஜன்னலில் நிற்பாள். அந்த ஒரு தெருவுக்காகத்தான் வருடம் முழுக்க உயிரோடு இருக்கிறேன் என்றே சொல்லலாம். அளப்பதெல்லாம் மூத்தவர்களுக்கு அவமானம், மச்சான். அளவுகோலைத் தொடவே வேண்டாம். முதன்முதலில் பொய் எழுதியது யார் என்று கண்டுபிடித்து சபையைவிட்டே நீக்குங்கள். மற்றவர்கள் தானாகச் சுருங்குவார்கள்.

அக்காவுக்கு என் அன்பு. சிலுவை சுமந்தவர் உங்கள் முழங்காலையும் சுமப்பாராக.

பணிவுடன்,
எலிஹியோ பார்ரியோஸ்

பி.கு.: யெசேனியா இப்போதுதான் வந்து போனாள். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதையெல்லாம் அந்தப் பதிவேடு மறக்காதாம். எடுத்துக் காட்டினாள். செலெதோனியோவுக்கு ஆறு நாள் முன்பே நான் மூன்று சென்டிமீட்டர் ஏறியிருக்கிறேன். ஒப்புக்கொள்கிறேன், வயதில் குறுகிவிட்டேன். ஆனால் அந்தத் திருத்தப் பட்டியலில் முதல் வரி என்னுடையது இல்லை, மச்சான். அதற்கும் முந்தின நாள், யாரோ என் உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர் கூட்டியிருக்கிறார்கள். ஒத்திலியாவின் போனிலிருந்து. யாரையும் நீக்க வேண்டாம். என்னைக் கோழிச்சந்தை அணியில் போடுங்கள். அவள் அங்கே வந்து நிற்பாள்.