வேலாங்குட்டைக் கடற்கரை

கோயமுத்தூருக்குக் கடல் கிடையாது. இது எல்லோருக்கும் தெரியும். அரசாங்கத்துக்கு யாரும் சொல்லவில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஐப்பசியில் சென்னையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு மாவட்டத் தலைநகரமும் தன் அண்மையிலுள்ள கடற்கரைகளை நேரில் பார்வையிட்டு, மக்கள் போய்வரத் தகுந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பதினைந்து நாளுக்குள் உரிய படிவத்தில் தெரிவிக்க வேண்டியது. அடியில் ஒரு குறிப்பு: 'இல்லை' என்ற பதில் ஏற்கப்பட மாட்டாது.

காகிதம் உதவி அலுவலர் ஐயாசாமியின் மேசைக்கு வந்தது. அந்த மேசையில் சுற்றுலாவும் உண்டு, தண்ணீர்ப் புகாரும் உண்டு. ஆபீசில் மேசைக்குப் பஞ்சம்.

டைப்பிஸ்ட் கிருபா படித்துவிட்டுச் சிரித்தாள்.

"சார், கடல் வேணும்னா பாலக்காடு தாண்டிப் போகணுங்க."

"அது அடுத்த ஸ்டேட்டுக் கடல் அம்மணி. நம்ம படிவத்துல ஏறாது."

"அப்ப இல்லைன்னு எழுதிப்போடலாங்க."

"அடியில என்ன போட்டிருக்குது, பாத்தீங்களா? இல்லைன்னு எழுதினா மெமோ வரும். எனக்குத் தை மாசம் பிரமோஷன்."

ஆகவே கடற்கரைத் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் ஐயாசாமி. உறுப்பினர் கிருபா. ஜீப் ஒன்று.

முதலில் வால்பாறைப் பக்கம் ஓர் அணைக்கட்டு. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் தலைவர் வாந்தி எடுத்தார். ஜீப் திரும்பியது. "கடற்பயணத்துக்குரிய தலைசுற்றல் கரையை அடையும் முன்பே ஏற்படுவதால் தகுதியற்றது" என்று குறிப்பு எழுதப்பட்டது.

அடுத்தது காந்திபுரம். மழை பெய்து பஸ் ஸ்டாண்டு முன்னால் முழங்கால் தண்ணீர். டவுன் பஸ் போகும்போதெல்லாம் அலை வந்தது. ஒரு செருப்பும் கரை ஒதுங்கியது. கிருபா ஸ்கேல் வைத்து அளந்து, "அரையடி அலை சார்" என்றாள். ஐயாசாமிக்குத் திருப்திதான். ஆனால் ரெண்டே நாளில் கடல் வற்றிவிட்டது.

பதினோரு நாள் போயிற்று.

கடைசியில் சிங்காநல்லூருக்குக் கிழக்கே எட்டு மைலில் வேலாங்குட்டை. மேட்டிலிருக்கும் சாயப்பட்டறைகள் கழிவை அதில்தான் விடுகின்றன. நுரை வெள்ளைவெளேரென்று கரை வரைக்கும் வந்து நிற்கும். தண்ணீர் திங்கட்கிழமை சிவப்பு, புதன்கிழமை நீலம். பனியன் ஆர்டரைப் பொறுத்தது. ஐயாசாமி போனது புதன்கிழமை.

"நீலக்கடல்!" என்றார்.

படிவத்தில் ஒரு கேள்விதான் பாக்கி: நீர் உப்பா?

இதற்குப் பதில் தெரிந்தவர் குட்டையை ஒட்டி மூணு ஏக்கர் வைத்திருந்த நஞ்சுண்டன். நாலு வருஷமாக அதையேதான் எழுதிக்கொண்டிருந்தார். கிணறு உப்பாகிவிட்டது, எண்பது தென்னை காய்கிறது, மாடு தொட்டித் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்புகிறது, கழிவை நிறுத்துங்கள் என்று பதினேழு மனு. பதினேழுக்கும் ஒரே பதில். 'பரிசோதிக்கப்பட்டது. நீரில் உப்பு இல்லை.' கீழே ஐயாசாமியின் கையெழுத்து.

அந்த ஐயாசாமியே இப்போது ஜீப்பில் வந்து வாசலில் நின்றார்.

"ஏனுங்க, உங்க கெணத்துத் தண்ணி உப்புங்களா?"

"நீங்கதானுங்களே இல்லைன்னு பதினேழு தடவை எழுதினீங்க?"

"அது அப்ப. இப்ப உப்பு வேண்டியிருக்குதுங்க."

நஞ்சுண்டன் சம்சாரம் சின்னாத்தாள் ஒரு சொம்பு மொண்டு கொடுத்தாள். ஐயாசாமி ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. துப்பினார். பிறகு மலர்ந்தார்.

"உப்பு! நல்ல உப்பு! எழுதுங்க அம்மணி!"

"வாய் கொப்புளிக்க எளநி வெட்டட்டுங்களா சார்?" என்றார் நஞ்சுண்டன்.

"வெட்டுங்க."

"அதும் கரிக்குமுங்க."

"அதையும் எழுதுங்க அம்மணி."

உப்புச் சான்றிதழ் அன்றைக்கே தயாரானது. முத்திரை விழுந்தது. நஞ்சுண்டன் ஒரு நகல் கேட்டு வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஆபீசே ஒத்துக்கிச்சு புள்ளே. இனிப் பட்டறையை மூடிப்போடுவாங்க."

"மூடட்டும். அப்புறம் சிரிங்க" என்றாள் சின்னாத்தாள்.

மறுநாள் பதினெட்டாவது மனு போனது, நகல் இணைப்புடன். பத்தே நாளில் பதில் வந்தது. அந்த ஆபீசிலிருந்து அவ்வளவு வேகமாக எதுவும் வந்ததில்லை.

'தங்கள் நிலம் மாநகரின் தேர்வு செய்யப்பட்ட கடற்கரையை ஒட்டி அமைந்துள்ளது. கடலோரக் கிணற்று நீர் உப்பாக இருப்பது இயற்கை. இயற்கையின் மீது நடவடிக்கை எடுக்க இவ்வலுவலகத்துக்கு அதிகாரம் இல்லை. மேலும், பட்டறைக் கழிவை நிறுத்தினால் கடலின் நிறம், நுரை, சுவை ஆகியன கெடும் என்பதால் தங்கள் கோரிக்கை பொதுநலனுக்கு விரோதமானது. மனு முடிக்கப்படுகிறது.'

நஞ்சுண்டன் முதல் பஸ்ஸைப் பிடித்து ஆபீசுக்குப் போனார்.

"ஏனுங்க சார், உப்பு இல்லைன்னாலும் மூட மாட்டீங்க, உப்புன்னாலும் மூட மாட்டீங்களா?"

"உப்பு இல்லைன்னா புகாரே இல்லீங்க. உப்புன்னா அது கடலுங்க. நடுவுல நான் எங்கீங்க நிக்கிறது?"

கிருபா தலையைத் தூக்கவில்லை. கடிதத்தை அடித்தது அவள்தான்.

தை மாதம் திறப்பு விழா. ரிப்பன் வெட்டினார்கள். ஐயாசாமிக்குப் பிரமோஷன் வந்தது. ஊருக்குப் பைத்தியம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை சிங்காநல்லூரிலிருந்து ஸ்பெஷல் பஸ். காந்திபுரம் ஜவுளிக்கடைகளில் பீச் தொப்பி, பூப்போட்ட அரைக்கால் சட்டை. பீச்சுக்குப் போகாத வீட்டில் பெண் எடுக்க யோசித்தார்கள். காலை நனைத்தவர்களுக்கு மூணு நாள் அரித்தது. கடல் காத்து புதுசு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். சொறிவதே பெருமை ஆனது. குட்டைப் பக்கமே எட்டிப் பார்க்காத சிலரும் கடைவீதியில் நின்று சொறிந்தார்கள்.

யாரும் எதிர்த்து மனுப் போடவில்லை. ஈரோட்டுக்காரனுக்கும் சேலத்துக்காரனுக்கும் இல்லாத கடல். கோயமுத்தூர்க்காரன் எப்படிப் போடுவான்?

நஞ்சுண்டனும் போடவில்லை. எண்பது தென்னையையும் வெட்டி விறகாக அடுக்கினார். அந்த விறகில் அடுப்பு மூட்டிக் கரையிலேயே சுண்டல் கடை போட்டார். போன ஞாயிறு நான் போனேன். சின்னாத்தாள் கொதிக்கும் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். உப்பு டப்பாவைக் காணோம்.

"உப்புப் போட மாட்டீங்களா?" என்றேன்.

"எதுக்குங்க? கெணத்துத் தண்ணியிலதானுங்க வேகுது" என்றார் நஞ்சுண்டன்.

பின்னால் நின்ற கூட்டம் தள்ளியது. "சீக்கிரம் வாங்குங்க பெரியவரே!" என்று ஒரு பீச் தொப்பி அதட்டியது. ரெண்டு பொட்டலம் வாங்கினேன்.

சுண்டல் சரியாக வேகவில்லை. உப்பு அளவாக இருந்தது. முழங்காலைச் சொறிந்துகொண்டே தின்றேன்.