சதவீதம் இளைத்த கதை

இந்தியப் பெருநாட்டின் தொப்பையைக் குறைத்த பெருமை எங்கள் ஊரான விருத்தாசலத்தையே சாரும். நாட்டுக்கு இது இன்னும் தெரியாது. தெரியவரும்போது, பருமன் தடுப்புக் குழுவின் செயலாளர் என்ற முறையில் நான் அடக்கத்தோடு நடந்துகொள்வேன்.

எங்கள் பீங்கான் கம்பெனியில் தொந்தி பெருத்த குபேர பொம்மைகள் தயாராகின்றன. தயாரிப்பவர்கள் சூளைக் கொட்டகையில் எண்பது பேர். தயாராகிவிட்டன என்று எழுதிவைப்பவர்கள் ஆபீஸில் இருபது பேர். நான் இரண்டாம் வகை.

நாட்டில் பெரியவர்களின் எடை ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது என்று பேப்பரில் வந்ததும், முதலாளிகள் சங்கம் ஒரு ஷீல்டு அறிவித்தது. ஆறு மாதத்தில் ஊழியர்களின் பருமன் சதவீதத்தை அதிகமாகக் குறைக்கும் கம்பெனிக்கு அது கிடைக்கும். மேனேஜர் ராஜ்மோகன் உடனே ஆபீஸ் இருபது பேரையும் மெஷினில் ஏற்றினார். பதிமூன்று பேர் 'அதிகம்'. அறுபத்தைந்து சதவீதம். நாட்டின் வளர்ச்சியில் எங்கள் பங்கு இவ்வளவு பெரியது என்று அன்றுதான் தெரிந்தது.

குழு கூடியது. மங்கலம்பேட்டையிலிருந்து பிரியாணி வந்தது. கனமான விவாதத்துக்குப் பின் 'சோறுதான் எதிரி' என்று கண்டறிந்தோம். கேன்டீனில் இரண்டாம் முறை சோறு போடுவது நிறுத்தப்பட்டது. ஆபீஸில் எவரும் கேன்டீனில் சாப்பிடுவதில்லை என்பதால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மறுநாள் காசியம்மாள் என் மேஜை முன் வந்து நின்றார். பொம்மைகளைத் தட்டில் அடுக்கிச் சூளைக்குச் சுமப்பவர்.

"சார், காலைல வூட்டுல நீராகாரம் குடிச்சிட்டு வரேன். மத்தியானம் அந்த ரெண்டாவது சோறு இருந்தாத்தான் சாயங்காலம் வரைக்கும் தூக்க முடியுது."

மாவுச்சத்தின் ஆபத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தட்டைத் தூக்கப் போனார். இரண்டு மாதம் கழித்துத் தலைசுற்றித் தட்டோடு விழுந்தார். பன்னிரண்டு குபேரர்கள் உடைந்தார்கள். குழு அவர்களுக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது.

ஆபீஸிலும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. ஆளுக்கொரு காலடி எண்ணும் வாட்ச் வாங்கினோம். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஆட்டினாலும் அது எண்ணியது. ஆறாம் மாதம் எடை பார்த்தபோது பதிமூன்று, பதினான்காகியிருந்தது.

அப்போதுதான் ராஜ்மோகனுக்கு ஞானோதயம் பிறந்தது. கொட்டகையில் இருப்பவர்களும் ஊழியர்கள்தானே, இத்தனை வருஷமாக இதை எப்படி மறந்தோம் என்று உருகினார். எண்பது பேரும் அழைக்கப்பட்டார்கள். ஒருவர்கூடப் பருமன் இல்லை. நூற்றுக்குப் பதினான்கு. அறுபத்தைந்து, பதினான்காகிவிட்டது; ஆபீஸில் ஒரு பெல்ட்கூட இறுகவில்லை.

எடை பார்க்க வந்த நர்ஸ் சந்திரலேகா மட்டும் காசியம்மாளிடம் தயங்கினார். ஆறு மாதத்துக்கு முந்தைய ஆஸ்பத்திரிச் சீட்டில் நாற்பத்தொரு கிலோ, இப்போது முப்பத்தேழு. 'குறைவு' என்று எழுத வேண்டும், படிவத்தில் இடம் இல்லை என்றார். படிவம் நான் தயாரித்தது. 'அதிகம்', 'சரி' என்று இரண்டே கட்டம்.

"அதிகம் இல்லன்னா சரிதானேம்மா. சரின்னு போடுங்க" என்றார் ராஜ்மோகன்.

ஷீல்டு வந்தது. விழாவில், நாலு கிலோ குறைத்த சாதனையாளர் என்று காசியம்மாளை மேடையேற்றி ஓட்ஸ் பாக்கெட் ஒன்றைப் பரிசளித்தோம். சங்கத் தலைவர் தம் வயிற்றைத் தடவியபடி, அந்த ரகசியத்தை எல்லோருக்கும் சொல்லும்படி மைக்கை நீட்டினார்.

காசியம்மாள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரகசியம்லாம் ஒண்ணும் இல்லீங்க. சோத்த நிறுத்திட்டாங்க, எளச்சிட்டேன். திரும்பப் போடணும்னா அந்த ஷீல்ட திருப்பிக் குடுக்கணுமுங்களா?"

நியாயமான கேள்வி. குழு அதை மறுநாளே கூடி, பிரியாணியோடு பரிசீலித்தது.

ஷீல்டு எங்களிடமே இருக்கிறது.