முடியக் கூடாத வாய்க்கால்

"இந்த வேகத்துல வெட்டினா வெள்ளிக்கிழமை முடிஞ்சிடும்பா," என்றார் மேஸ்திரி. அழாத குறை.

"வியாழக்கிழமையே முடிச்சிடலாம்ணே," என்று ஆறுதல் சொன்னான் நெட்டையன்.

நூல் மில் மூடி வேலை போன நாற்பது பேருக்கு அரசாங்கம் கொடுத்த நிவாரண வேலை அது. வாய்க்கால் வெட்டும் வரை தினக்கூலி. முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மில் திறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆனால் மில்லில் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிப் பழகிய கைகளுக்கு மெதுவாகச் சாப்பிடக்கூடத் தெரியாது.

மேஸ்திரி பாதி மண்வெட்டிகளை ஒளித்து வைத்தார். இருபது பேர் வெட்ட, இருபது பேர் நிழலில் உட்கார்ந்தார்கள். இப்படி மாற்றி மாற்றி ஓய்வெடுத்ததில் யாருக்கும் களைப்பே தெரியவில்லை. அன்றைக்கு ஆறு முழம் கூடுதலாகப் போயிற்று.

மறுநாள், நேராகப் போக வேண்டிய வாய்க்கால் கோட்டை, வழியில் நின்ற ஒரு பெரிய மரத்தைச் சுற்றிப் போகும்படி வளைத்துப் போட்டார். தூரம் கூடினால் நாளும் கூடும் அல்லவா? மரத்துக்கு அந்தப் பக்கம் வெறும் மணல். மத்தியானத்துக்குள் வளைவு முடிந்துவிட்டது.

"பேசாம கொஞ்சம் மண்ணை உள்ள தள்ளிட்டு வாங்களேன்," என்றாள் அன்றிரவு மேஸ்திரியின் மனைவி, துணியை மடித்தபடி.

"பாவம் இல்லையாடி?"

"நாப்பது வீட்டு அடுப்பு அணையறது மட்டும் புண்ணியமா?"

விடியற்காலையில் போய்ப் பத்து முழம் மூடினார். இடுப்பு கழன்றுவிட்டது. வீட்டுக்கு வந்து குளித்து, ஒன்றும் அறியாத முகத்தோடு திரும்பிப் போனால் இருபது முழம் மூடிக் கிடந்தது. ஆவேசத்தில் அளவு தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆட்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நாம வெட்டினது சரியறதாவது!" பத்து மணிக்குள் தோண்டி முடித்து, இனிமேல் சரியாதபடி இரண்டு பக்கமும் கல் பதித்துவிட்டார்கள். வாய்க்காலில் கடைசி நாலு முழம்தான் பாக்கி.

அப்போதுதான் அளவுக்காரர் வந்தார். தினமும் வந்து வாய்க்காலை அளந்து அரசாங்கத்துக்கு எழுதிப் போடுகிறவர். தேய்த்த சட்டை, செருப்பில் மட்டும் ஈர மண்.

"இந்த வளைவு வரைபடத்துல இல்லையே?"

மேஸ்திரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "இருபது முழம் மூடினதும் நான்தான் சார். என்னை அனுப்பிடுங்க. இவங்க கூலியில மட்டும் கை வெச்சிடாதீங்க."

அளவுக்காரர் டேப்பை நிதானமாகச் சுருட்டினார். "வளைவு செல்லாது. நேராத்தான் வெட்டணும். நேர்ப் பாதையில அடியில முழுக்கப் பாறை. மூணு வாரம் ஆகும்னு எழுதிடறேன்."

மேஸ்திரி அப்படியே மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டார். மூன்று வார வேலையைத் தானேதான் சுற்றி வளைத்துத் தப்ப விட்டிருக்கிறார். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"நீங்க நல்லா இருக்கணும் சார். எங்களுக்காக..."

"உங்களுக்காக மட்டுமா?" அளவுக்காரர் குனிந்து செருப்பு மண்ணைத் தட்டினார். "அளக்கிறதும் நிவாரண வேலைதான் மேஸ்திரி. நீங்க மூடினது பத்து முழம். மீதிப் பத்து நான்."