டீசல் வண்டியில் மூன்றாவது ஆள்

மெரிலேண்ட்ஸ்,
22.08.1979

அன்புள்ள மகன் விக்னராஜாவுக்கு,

பெரியப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கு சுகம். நீயும் அம்மாவும் கல்யாணப் பெண் யோகாவும் அங்கு சுகமாயிருக்க நல்லூரான் காவல். இதில் நாங்கள் சுகம் என்ற வசனத்தை முறைக்காக எழுதினேன். சுகமில்லை என்று தொடங்கினால் உன் அம்மா கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டு அழத் தொடங்குவாள், மிச்சத்தை ஒருவரும் வாசிக்கமாட்டீர்கள்.

உன் கடிதம் கிடைத்தது. கண்ணாடி போட்டு இரண்டு தரமும் போடாமல் ஒரு தரமும் வாசித்தேன். பெற்றோல் வண்டியை வாங்குங்கள், இல்லையென்றால் பிளேனில் வாருங்கள், அதுவும் சரிவராவிட்டால் வரதராஜா அங்கிளையும் அன்ரியையும் ஆயத்தமாக இருக்கச் சொல்லியிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். எதற்கு ஆயத்தம்? உன் அப்பா, என் தம்பி, இன்று இல்லை. அவன் இருந்திருக்க வேண்டிய பலகையில் நானும் பெரியம்மாவும் சோடியாக இருந்து யோகாவைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். உங்கள் அடுத்த தெருவில் குடியிருப்பதைத் தவிர வேறு தகுதி ஒன்றும் இல்லாத வரதராஜா அதில் இருப்பதா? அவர் புது வேட்டி வாங்கிவிட்டார் என்றும் கேள்விப்பட்டேன். அந்த வேட்டியை அவர் தீபாவளிக்கு உடுக்கட்டும்.

ஆனால் சோடியாக என்ற இடத்தில்தான் சிக்கல். நான் டீசல் வண்டியில் வருவேன். பெரியம்மா டீசல் வண்டியில் ஏறமாட்டாள். தனி ஆள் தாரை வார்க்க முடியாது. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கிறது. ஆகவே நடந்தது முழுவதையும் எழுதுகிறேன். வாசித்து முடித்ததும் நீ பெரியம்மாவுக்கு ரெலிபோன் எடுத்து, பேய் என்று ஒன்று இல்லை என்று நல்ல தமிழில் சொல்ல வேண்டும்.

நாங்கள் மெல்பேர்னுக்குக் கரவனில் வருவது ஏன் என்று உனக்குத் தெரியும். உங்கள் குசினியில் ஆட்டிறைச்சி சமைக்கிறீர்கள், பெரியம்மா அதற்குள் தண்ணீரும் குடிக்கமாட்டாள். அதோடு நான் இரண்டு மாதமாகப் பலகை அறுத்துச் செய்த மணவறையையும் குத்துவிளக்குகளையும் பலகாரத் தகரங்களையும் எந்தப் பிளேனில் ஏற்றுவது? எனவே சக்கரம் பூட்டிய அந்த வீட்டை வாங்கியாயிற்று. அதை இழுக்க ஒரு சின்ன லொறி வேண்டும். பெற்றோலா டீசலா என்பதுதான் கேள்வி. எங்கள் மகள் சத்தியபாமாவின் மாப்பிள்ளை பாஸ்கரன் என்ஜினியர் அல்லவா, பெற்றோல் என்றார். குளிரில் உடனே ஸ்ராட் வரும், சத்தம் இல்லை, எட்டு சிலிண்டர், மெல்பேர்ன் வருகிற ஹியூம் றோட்டில் மேடு என்றே தெரியாது என்று அடுக்கினார். பரமற்றா றோட்டில் ஒன்றைப் பார்த்து, வருகிற சனிக்கிழமை வரை பிடித்தும் வைத்திருக்கிறார். நான் டீசல் என்றேன். உலகம் முழுவதும் பெற்றோல் விலை ஏறுகிற நேரத்தில் பெற்றோல் வாங்குகிறவன் மழைக்காலத்தில் உப்பு விளைவிக்கிறவன். பாரம் இழுக்கப் பிறந்தது டீசல். பரந்தன் அரிசி ஆலையில் இருபத்தேழு வருடம் நான் கணக்கெழுதினேன், சுவருக்கு அந்தப் பக்கம் டீசல் இயந்திரம் ஓடியது. அதைத் தொட்டதில்லைத்தான். ஆனால் இருபத்தேழு வருடம் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு நூல்நிலையத்தில் புத்தகம் எடுத்து நானாகவே படித்தேன். பாஸ்கரன் நாலு வருடம்தான் படித்தவர்.

முன்னால் மூன்று பேர் இருக்கக்கூடிய டீசல் வண்டி ஒன்று கில்ட்போர்டில் ஒரு வெள்ளைக்கார விதவையிடம் கிடைத்தது. பெயர் மிஸஸ் ஹாலி. புருஷன் கீத் மாசி மாதம் செத்துப்போனார். செத்ததும் அந்த வண்டிக்குள்ளேதான். காலையில் ஸ்ராட் பண்ணிச் சூடாக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். மனுஷி குசினிக்குள் இருந்து, சத்தம் கேட்கிறதுதானே, ஆள் நன்றாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு துணி தோய்த்திருக்கிறாள். இரண்டு மணித்தியாலம் கழித்துப் போய்ப் பார்த்தால் வண்டி மட்டும்தான் உயிரோடு இருந்ததாம். இதைச் சொல்லிவிட்டு அவள் முன்பக்கம் குனிந்து, இதை நிறுத்துகிற விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும் என்று தொடங்கினாள். நான் கையை உயர்த்தி, அம்மா, டீசலும் நானும் பழைய சிநேகிதர், எனக்கு ஒன்றும் சொல்லித்தர வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னேன். கீத்தும் இப்படித்தான், ஒருவரையும் பேசவிடமாட்டார் என்றாள். பிறகு திறப்பை என் கையில் வைத்தாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும், ஸ்ராட்டில் நிற்கும்போதே, பெரியம்மா முறையாகப் பூசை செய்தாள். சந்தனம், குங்குமம், தேங்காய், நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய், எல்லாம். நாவூறு படாமல் இருக்க ஒரு தேசிக்காயையும் ஏழு செத்தல் மிளகாயையும் நூலில் கோத்து வண்டிக்குள் கட்டினாள். இங்கத்தைய தேசிக்காய் குழந்தையின் தலையளவு. முன்கண்ணாடியில் கட்டினால் றோட்டு மறைக்கும் என்றேன். ஆகவே ஸ்ரியறிங்குக்கு இடப்பக்கம், கீழே, எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ஒரு கறுப்புக் குமிழ் நீட்டிக்கொண்டிருந்தது, அதில் கட்டினாள். அதற்கென்றே செய்ததுபோல இருந்தது.

அன்று பின்னேரம், பொழுது கருகுகிற நேரம், வண்டியை முற்றத்தில் நிறுத்தித் திறப்பைத் திருப்பி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தேன். வண்டியின் இயந்திரம் நிற்கவில்லை. திறப்பு என் பையில். வண்டி வெளியே தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. திரும்பப் போய்த் திறப்பைப் போட்டுத் திருப்பினேன், எடுத்தேன், போட்டேன், எடுத்தேன். அது என்னைக் கணக்கில் எடுக்கவில்லை. டீசல் அப்படித்தான், ஆறி அடங்க நேரம் எடுக்கும் என்று பெரியம்மாவுக்குச் சொல்லிவிட்டுச் சாப்பிட இருந்தேன். இடியப்பம். ஒவ்வொரு வாய்க்கும் யன்னல் கண்ணாடி நடுங்கியது. மூன்று வீடு தள்ளி ஒரு நாய் ஊளையிட்டது. முக்கால் மணித்தியாலம் கழித்துப் பெரியம்மா திருநீற்றை எடுத்துக்கொண்டு தனியே வெளியே போனாள். நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிக் கதவைத் திறந்து ஏறி இருந்தாள். அந்தத் தேசிக்காயை இரண்டு கையாலும் இழுத்துக் கண்ணில் ஒற்றி, "கீத் ஐயா, காணும். இனிப் படுங்கோ," என்றாள்.

வண்டி நின்றது.

அந்த நேரம் உண்டான அமைதியை நான் இதற்கு முன் கேட்டதில்லை. பெரியம்மா உள்ளே வந்து கை கழுவினாள். நடுச் சீட் சூடாக இருந்தது என்றாள். ஓடின வண்டி சூடாகத்தானே இருக்கும் என்றேன். தான் இருந்த கரைச் சீட் ஐஸ் மாதிரிக் கிடந்தது என்றாள்.

அன்றிலிருந்து தினமும் இதே கதை. நான் திறப்பை எடுப்பேன், அது ஓடும். பெரியம்மா போய்த் தேசிக்காயைக் கண்ணில் ஒற்றிக் கேட்டுக்கொண்டால் நிற்கும். புருஷன் சொல்லி நிற்காத வண்டி மனைவி சொல்லி நிற்கிறது. இதைப் பாஸ்கரனுக்கு எப்படிச் சொல்வது? ஆகவே சொல்லவில்லை.

ஆனால் இழுவையை நான் சொல்லத்தான் வேண்டும். கரவனைப் பூட்டி, மணவறை, விளக்கு, பலகாரத் தகரம் எல்லாம் ஏற்றி, எங்கள் தெருக் கோடியில் இருக்கிற செங்குத்து மேட்டில் விட்டேன். மகனே, பஞ்சுப்பொதியை இழுப்பதுபோல இழுத்தது. பின்னால் ஒருவர் தோள்கொடுத்துத் தள்ளுவதுபோல இருந்தது. இதை ஒரு பெற்றோல் வண்டி செய்யட்டும், நான் மீசையை எடுக்கிறேன்.

பிறகு சந்தைப் பயணம். பிளெமிங்டன் சந்தைக்குப் பச்சை மிளகாய் வாங்கப் போவோம். வழியில் றூக்வுட் சவக்காலை. பெரியது, ஒரு ஊரே அதற்குள் படுக்கலாம். இரண்டாவது வாசலுக்கு நேரே வரும்போது நடு றோட்டில் வண்டி செத்தது. திறப்பைத் திருப்பினேன், உடனே ஸ்ராட் வந்தது. போன கிழமையும் அதே வாசல், அதே இடம், அதே சாவு. மழைத் தூறல், கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் கல்லில் செய்த தேவதைகள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன. பெரியம்மா பயத்தில் தேசிக்காயை நெஞ்சோடு பிடித்தபடி இருந்தாள். சவக்காலை மதில் தொடங்கும்போதே அவள் அதைப் பிடித்துவிடுவாள், பாவம்.

வீட்டுக்கு வந்ததும் சத்தியபாமாவைக் கொண்டு மிஸஸ் ஹாலிக்கு ரெலிபோன் எடுப்பித்தாள். சத்தியபாமா வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி நேர்ஸ், சாவைப் பற்றிக் கூச்சமில்லாமல் விசாரிப்பாள். கீத்தை எங்கே அடக்கம் செய்தது என்று கேட்டாள். றூக்வுட்டில், இரண்டாவது வாசலுக்குக் கிட்ட என்று பதில் வந்தது.

பெரியம்மா ரெலிபோன் பக்கத்திலேயே கதிரையில் இருந்துவிட்டாள். "இஞ்சாருங்கோ, அந்த மனுசனுக்கு இறங்கவேண்டிய இடம் அது. நீங்கள் இறக்கிவிடாமல் சந்தைக்குக் கொண்டுபோறியள். நான் மெல்பேர்ன் மட்டும் ஒரு அந்நிய ஆம்பிளையோடை ஒட்டிக்கொண்டு இருந்து வரமாட்டன்."

"அவர் செத்த ஆள்," என்றேன்.

"செத்தாலும் ஆம்பிளைதானே."

இதற்கு என்ன பதில் சொல்வாய்? சொல்லிப் பார். அறுபத்தெட்டு வயதில் நான் பேய்க்குப் பயந்து பெற்றோலுக்கு மாறினேன் என்ற பேச்சு வரக்கூடாது. பேய் இல்லை. டீசலுக்குச் சில குணங்கள் உண்டு, அவ்வளவுதான். பெரியம்மாவிடம் அதைச் சொல். வரதராஜாவிடம் பலகையில் இடமில்லை என்று சொல்.

அம்மாவுக்கு என் அன்பு. யோகா மஞ்சளும் குங்குமமுமாய், பெற்ற பிள்ளைகளின் சத்தம் வீடு நிறைய, நீடூழி வாழ வேண்டும். உனக்கும் ஒரு நல்ல இடத்தில் விரைவில் பொருந்தி வரட்டும், எல்லாருடைய புத்திமதியையும் கேட்காத பிள்ளையாக நீ இரு, என்னுடையதை மட்டும் கேள்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா,
வே. கல்யாணசுந்தரம்

பி.கு. வெள்ளிக்கிழமை. கடிதத்தை ஒட்டுமுன் ஒரு விஷயம். நேற்றுப் பாஸ்கரன் கரவனுக்குப் பிறேக் லைற் பூட்ட வந்தார். தேசிக்காயைக் கண்டார், கழற்றினார், அந்தக் கறுப்புக் குமிழை இழுத்தார், ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றது. "மாமா, இது டீசல். திறப்பை எடுத்தால் நிற்காது. இதை இழுத்தால்தான் நிற்கும். மாமி தேசிக்காயை இழுக்கேக்கை எல்லாம், சவக்காலையடியிலும், இதைத்தான் இழுத்திருக்கிறா," என்றார். மிஸஸ் ஹாலி குனிந்து காட்ட வந்தது அதைத்தான். எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். பெரியம்மா சிரித்தாள், வருவதாகவும் ஒத்துக்கொண்டாள். ஆகவே மேலே எழுதியதில் பேயைப் பற்றிய பகுதியை அடித்துவிட்டு வாசி.

இன்று காலை லிட்கம்மில் கரவன் இழுக்கிற கொழுக்கியை ஒட்டுவிக்கத் தனியே போனேன். தேசிக்காய் இல்லை. என் இரண்டு கையும் ஸ்ரியறிங்கில். றூக்வுட் இரண்டாவது வாசலில் வண்டி தானாகவே நின்றது. குமிழைப் பார்த்தேன், அது உள்ளே போனபடி அசையாமல் இருந்தது. றோட்டில் ஒருவரும் இல்லை. பிறகு எட்டி இடப்பக்கத்துக் கதவைத் திறந்து, "கீத் ஐயா, இறங்குங்கோ, மழை இல்லை," என்றேன். ஒரு ஆள் வயதுக்காலில் இறங்க எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் பொறுத்துக் கதவைச் சாத்தினேன். வீட்டுக்கு வந்து திறப்பைத் திருப்பினேன். குமிழைத் தொடவில்லை. வண்டி நின்றுவிட்டது. அப்படி நிற்காது என்று பாஸ்கரனும் சொல்லுகிறார், புத்தகமும் சொல்லுகிறது.

பெரியம்மாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் கரவனைப் பூட்டி அவளையும் ஏற்றிக்கொண்டு அதே மேட்டில் விட்டேன். ஏறி இருந்ததும் காலை நீட்டி, "இண்டைக்குத்தான் எனக்கு இருக்க இடம் கிடக்கு," என்றாள். நடுச் சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ். பாதி மேட்டுக்கு மேலே வண்டி ஏறவில்லை. முனகியது, நடுங்கியது, பின்னுக்கு உருண்டது. மூன்று தரம் விட்டுப் பார்த்தேன். தள்ளுவதற்கு ஆள் இல்லை.

பாஸ்கரனிடம் பெற்றோல் வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டேன். மேட்டைக் காரணம் சொன்னேன், மற்றதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. பெரியம்மா இப்போது புதுத் தேசிக்காய் கோத்துக்கொண்டிருக்கிறாள். செப்ரெம்பர் ஒன்பதாம் திகதி முகூர்த்தத்துக்கு இரண்டு பலகையையும் துடைத்து வை, மூன்றாவது வேண்டாம்.