யெஸ் மேம் சொல்லாதவள்

இந்தச் சென்னை மாநகரத்தில் அடுத்தவர் மானத்தை ஒரே வார்த்தையில் வாங்கக்கூடிய ஒருத்தி உண்டென்றால், அது எங்கள் ‘புரியல’தான். பெற்றவர்கள் வைத்த பெயர் கல்லூரி அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. அது யாருக்கு வேண்டும்? பேராசிரியர்களே “இன்னிக்கு புரியல வரலியா?” என்று கேட்பார்கள், கொஞ்சம் நிம்மதியோடு.

அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம். நான் திருத்துறைப்பூண்டியில் தமிழ் மீடியத்தில் படித்து, பள்ளியிலேயே முதலாவதாக வந்த திமிரோடு வந்து இறங்கியவள். அந்தத் திமிர் முதல் வகுப்போடு சரி. மேடம் ஒரு மணி நேரம் இங்கிலீஷில் பொழிந்து தள்ளினார். எனக்கு ‘குட் மார்னிங்’ புரிந்தது, ‘தேங்க் யூ’ புரிந்தது. நடுவில் நடந்தது அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். கடைசியில் மேடம் “அண்டர்ஸ்டுட்?” என்றார். எல்.கே.ஜி.யிலிருந்து பழகிய ராகத்தில் மொத்த வகுப்பும் “யெஸ் மே...ம்” என்று இழுத்தது. நானும்தான்.

“புரியல மேடம்!”

குரல் என் பக்கத்திலிருந்து வந்தது. கோடம்பாக்கத்துக்காரி. அப்பா சினிமாவில் லைட்மேன். உயரத்தில் நிற்பவரோடு தரையில் நிற்பவர் கத்திப் பேசுகிற தொழில் அது. அந்த வீட்டில் யாராவது மெதுவாகப் பேசினால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்களாம்.

“எது புரியல?” மேடம் திகைப்பில் தமிழுக்கு இறங்கிவிட்டார்.

“மொத்தமா புரியல மேடம். தோ, இவளுக்கும் புரியல. மூஞ்சியப் பாருங்க!”

வகுப்பே திரும்பி என் மூஞ்சியைப் பார்த்தது. பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. என் மூஞ்சி உள்ளபடியே ஒன்றும் புரியாத மூஞ்சி என்பதுதான் அதில் பெரிய அவமானம்.

மறுநாள் பெஞ்சை மாற்றிக்கொண்டேன். விட்டாளா? “இன்னாடி, இங்க வந்து குந்திக்கினே? அங்க ஃபேன் காத்து வரலியா?” என்று பையோடு வந்துவிட்டாள். மேடம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பாடம் அனுப்புவார். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்குவார்கள். இவள் மட்டும் குரல் பதிவு போடுவாள்: “மேடம், வந்துச்சு, பாத்துட்டோம். எங்க ரெண்டு பேருக்கும் புரியல.”

ஒரு பிறந்தநாளுக்கு வகுப்பின் இங்கிலீஷ் கோஷ்டி எங்களைப் பெசன்ட் நகரில் ஒரு காபிக் கடைக்கு அழைத்துப் போனது. மெனு கார்டில் இருந்த ஒரு பெயரையும் எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. பெரிய மனுஷி தோரணையில் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன். இவள் கடைப் பையனைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, இதுல இன்னா இன்னா கீது, ஒவ்வொண்ணா சொல்லு. இவளும் எவ்ளோ நேரம்தான் அட்டையவே பாத்துக்கினு கீறது?”

அன்று ஹாஸ்டலுக்குப் போய், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்பாவுக்கு போன் போட்டு, “எனக்கு இந்தப் படிப்பு ஆகாதுப்பா. சனிக்கிழமை வந்து டி.சி. வாங்கிக் கூட்டிட்டுப் போயிடுங்க” என்றேன். பாவம், சரி என்றார். வெள்ளிக்கிழமை வகுப்பில் என் செமினார். அது முடிந்ததும் மூட்டை கட்டலாம். புரியலவிடமும் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. விலை ஏறினால் மக்கள் எதை வாங்குவதை நிறுத்துவார்கள், எதை நிறுத்தமாட்டார்கள் என்பது தலைப்பு. இங்கிலீஷில் எழுதி வைத்ததைத் தலை நிமிராமல் வாசித்தேன். குரல் முதல் பெஞ்சைத் தாண்டியிருந்தால் ஆச்சரியம். மேடம் “அண்டர்ஸ்டுட்?” என்றார். “யெஸ் மே...ம்.” தப்பித்தேன்டா சாமி என்று இடத்துக்கு நடந்தேன்.

“புரியல!”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் ஜடையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். ஊரைவிட்டே போகிறவளை ஒருநாள் மரியாதையாக அனுப்பக் கூடாதா, சண்டாளி!

“தமிழ்ல சொல்லச் சொல்லுங்க மேடம்.”

மேடம் பெருமூச்சு விட்டார். “சொல்லும்மா.”

பேப்பரைக் கசக்கிக்கொண்டு கத்தினேன். “ஏன்டி, தக்காளி வெல ஏறினா உங்க வீட்டுல என்ன பண்ணுவீங்க?”

“புளி ஊத்திக்குவோம்.”

“உங்கப்பா சுகர் மாத்திரை வெல ஏறினா?”

“அத்த எப்படி வுடறது? வாங்கித்தான் ஆவணும்.”

“அவ்ளோதான்டி! விட முடிஞ்சத விட்டுடுவோம், விட முடியாதத விடமாட்டோம். இதுக்குத்தான் எலாஸ்டிசிட்டின்னு பேரு வச்சு உயிர எடுக்கறாங்க!”

கடைசி பெஞ்சில், இங்கிலீஷ் கோஷ்டியின் தலைவி மெல்லக் கையைத் தூக்கினாள். “அந்த மாத்திரை பாயின்ட்ட இன்னொரு வாட்டி சொல்றியா? எனக்கும் புரியாமத்தான் இருந்துச்சு.” அவளைத் தொடர்ந்து இன்னும் நாலைந்து கைகள் எழுந்தன. இத்தனை நாள் “யெஸ் மே...ம்” பாடியவர்களில் பாதிப் பேர் என் கட்சி.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். “நெசமாவே புரியலயா, இல்ல வேணும்னே செஞ்சியா?”

“புரியலன்னா புரியலன்னுதானே சொல்வாங்க? வேற இன்னா சொல்வாங்க?” என்றாள். அந்த வெள்ளந்திக்கு முன்னால் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: “நாளைக்கு நீ போய்ட்டா, நான் யார் பக்கத்துல குந்தறது?”

சாயங்காலம் அப்பாவுக்கு போன் செய்து, வர வேண்டாம் என்றேன்.

“ஏம்மா, பாடமெல்லாம் புரிய ஆரம்பிச்சிடுச்சா?”

“இன்னும் இல்லப்பா. ஆனா எனக்கும் சேத்து எந்திரிச்சுக் கேக்க இங்க ஒருத்தி இருக்கா.”